கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குச் சத்து மாத்திரை உதவுமா?

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையும் பெரிய வெள்ளைக் கால்சியம் மாத்திரையும் கட்டாயம் இருக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர் என்றால் பல வைட்டமின்களை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை ஒன்றும், உறவினர் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய வைட்டமின் ஈ கேப்சூலும்கூட இருக்கலாம். இந்த நேரத்தில் "பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று செவிலியர் சொல்லிவிட்டால் வீடே பதறிப்போகும். "என்ன சத்துக் குறைந்துபோனது? எந்த மாத்திரை கொடுத்தால் இறங்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் இதையே கேட்டு, பல்லாயிரக்கணக்கான கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிதாக நம்பப்பட்ட வைட்டமின்கள் கைவிட்டுவிட்டன. வைட்டமினே அல்லாத, விலை மலிவான இரண்டு மாத்திரைகள்தான் ஓரளவு கைகொடுத்தன. அவற்றையும் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக என்று தெளிவாகிவிடும்.

நோய் எங்கே தொடங்குகிறது?

கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் 140/90 என்ற அளவைத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம். மேலே உள்ள எண், கீழே உள்ள எண், இரண்டில் எது எல்லையைத் தொட்டாலும் கணக்கில் வரும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுவதில்லை. குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து மறுபடியும் அளப்பார்கள். பஸ்ஸில் இடிபட்டு, மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும் அளந்தால் யாருக்கும் கூடத்தான் செய்யும். ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அவசரத்தில் அளந்தால் "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், மறுபடி பார்க்கிறீர்களா அக்கா?" என்று செவிலியரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கர்ப்பத்துக்கு முன்பே அழுத்தம் இருந்தவர்கள் ஒரு வகை. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக அழுத்தம் மட்டும் ஏறுபவர்கள் இன்னொரு வகை. 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறுவதோடு சிறுநீரில் புரதம் கலப்பது, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்படுவது போன்றவையும் சேர்ந்துகொண்டால் அதுதான் ப்ரீ-எக்லாம்ப்சியா. கர்ப்பிணிகளில் 100-க்கு 2 முதல் 8 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். முற்றினால் வலிப்பு வரும். பெரியவர்கள் ஜன்னி என்று சொல்லி அஞ்சியது இதைத்தான்.

இதன் வேர் நச்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் நச்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள குறுகலான ரத்தக் குழாய்களை அகலப்படுத்துகின்றன. குழந்தை வளர வளர அதிக ரத்தம் தேவைப்படும் என்பதால், விதைப்புக்கு முன்பே வாய்க்காலை வெட்டி அகலமாக்கி வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. குழாய் குறுகலாகவே இருப்பதால் நச்சுக்கொடிக்கு ரத்தம் போதவில்லை. திணறும் நச்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடல் முழுவதும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அப்படிப்பட்ட பொருள்களில் முக்கியமான ஒரு புரதத்தை 2003-இல் அடையாளம் காட்டியவர், சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த அனந்த் கருமாஞ்சி. குழாய்களை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிப் பொருள்களை இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது.

ஆக, விதை விழுவது முதல் சில மாதங்களில். வெளியே தெரிவது பெரும்பாலும் ஏழாம், எட்டாம் மாதத்தில். கர்ப்பிணி சரியாகச் சாப்பிடவில்லை, கண்டதை நினைத்துக் கவலைப்பட்டாள், அதனால்தான் வந்தது என்று குறை சொல்வதற்கு இதில் இடமே இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறார்கள்.

வைட்டமின் சி, ஈ: நம்பிக்கையும் ஏமாற்றமும்

ரத்தம் போதாமல் திணறும் நச்சுக்கொடியில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுதியாக இருக்கும். எளிதாகச் சொன்னால், செல்களை அரிக்கும் வினைகள் அங்கே கட்டுக்கடங்காமல் நடக்கும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ இரண்டும் அத்தகைய வினைகளைத் தணிக்கக் கூடியவை. அப்படியானால் இவற்றைக் கூடுதலாகக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாமே? யார் கேட்டாலும் தலையாட்டத் தோன்றும் தர்க்கம்.

1999-இல் லண்டனில் இருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. ப்ரீ-எக்லாம்ப்சியா வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட 283 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ. மற்றப் பிரிவுக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வைட்டமின் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு மட்டும். பாதிக்குப் பாதி! மருத்துவர்கள் மகிழ்ந்துபோனதில் வியப்பில்லை. மலிவான, எங்கும் கிடைக்கிற வைட்டமின் தாய்மார்களின் உயிரைக் காக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் எண்ணிக்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 24 பேர், மறுபக்கம் 11 பேர். இந்தப் பெரிய நம்பிக்கை முழுவதும் 13 பெண்களின் வித்தியாசத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டிவிடலாம். எனவே பெரிய அளவில் சோதித்தார்கள். 2006-இல் பிரிட்டனில் 2,400-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதே மருந்து, அதே அளவு. வைட்டமின் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 16 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. அதாவது பலன் இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வைட்டமின் எடுத்த பிரிவில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 1,877 பெண்களிடம் நடந்த ஆய்விலும் நோய் குறையவில்லை. வைட்டமின் எடுத்தவர்களில்தான் ரத்த அழுத்தத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அதிகம். இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் ஆகிய நாடுகளில் சத்துக் குறைந்த பகுதிகளைத் தேர்ந்தெடுத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வும் கைவிரித்தது. 'மேலை நாட்டுப் பெண்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் பலன் தெரியவில்லை. இங்கே தெரியும்' என்ற வாதமும் அதோடு அடங்கியது. கடைசியில் 2010-இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தார்கள். அங்கும் ஒன்றும் இல்லை.

தர்க்கம் சரியாக இருந்தும் ஏன் பலிக்கவில்லை? இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் வைட்டமினைத் தொடங்கியது மூன்று, நான்கு மாதங்கள் கழிந்த பிறகு. நச்சுக்கொடி ஊன்றும் வேலையில் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும் என்பது ஒரு விளக்கம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் நோயின் காரணம் அல்ல, நோயின் விளைவுகளில் ஒன்று என்பது இன்னொரு விளக்கம். காரணம் எதுவானாலும், 2011-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க வைட்டமின் சி, ஈ பரிந்துரைக்கப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நெல்லிக்காயையும் கொய்யாவையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆய்வில் கொடுத்தது ஒரு கர்ப்பிணிக்கு அன்றாடம் தேவைப்படுவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட அளவு. உணவில் இருக்கும் வைட்டமின் சி-யோ மாத்திரையில் இருக்கும் சிறிய அளவோ பயப்பட வேண்டியதல்ல. இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவவும் செய்கிறது. இலங்கையின் தாய்சேய் கிளினிக்குகளில் இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி-யும் கொடுத்தனுப்புவது இதற்காகத்தான். பிரஷர் இறங்கும் என்று நம்பி, கடையில் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் வாங்கி விழுங்குவதைத்தான் கைவிட வேண்டும்.

ஃபோலிக் அமிலமும் வைட்டமின் டி-யும்

ஃபோலிக் அமிலத்தின் வேலை வேறு. கரு உருவாவதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாவதில் வரும் குறைபாடுகள் பெருமளவு குறையும். அதை விடவே கூடாது. ஆனால் பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம், கொடுத்தால் ரத்த அழுத்தத்தையும் தடுக்குமா என்று நோய் வாய்ப்பு அதிகமுள்ள ஏறத்தாழ 2,500 பெண்களிடம் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். தடுக்கவில்லை. வேறு காரணத்துக்காக மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருந்தால் அது தனி விஷயம்; பிரஷருக்காக நாமே அளவைக் கூட்டிக்கொள்ளத் தேவையில்லை.

வைட்டமின் டி குறைவாக உள்ள பெண்களுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா அதிகம் வருவது பல கணக்கெடுப்புகளில் தெரிந்தது. இதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி அளவும் குறைவாக இருக்கும், ப்ரீ-எக்லாம்ப்சியா வாய்ப்பும் அதிகமாக இருக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. அமெரிக்காவில் ஒரு பிரிவுக்கு 4,400 யூனிட், மற்றப் பிரிவுக்கு 400 யூனிட் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரு பிரிவிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று தெரிந்தால் எலும்புக்காகவும் குழந்தைக்காகவும் சரிசெய்ய வேண்டியதுதான். பிரஷரைத் தடுக்கும் மருந்தாக அதைக் கருத முடியாது.

கால்சியம்

பட்டியலில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது இந்த வெள்ளை மாத்திரை. அது வைட்டமின் அல்ல, தாது. கர்ப்பிணிகள் முதலில் நிறுத்திவிடுவதும் இதைத்தான். பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது, மலச்சிக்கல் வருகிறது, எலும்புக்குத்தானே, பால் குடித்தால் போதாதா என்று பல காரணங்கள். சில வீடுகளில் அரசு கொடுத்த அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கியிருக்கும். எனக்கு வருத்தம் தருவது இதுதான். இரத்த அழுத்தத்துக்கும் கால்சியத்துக்கும் தொடர்பு உண்டு என்று மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் பலரும் தவறாமல் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்தத் தொடர்பு தெரியவந்த கதை சுவையானது. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பெண்கள் ஏழைகள். முறையான மருத்துவக் கவனிப்பும் குறைவு. ஆனாலும் அவர்களிடம் கர்ப்பகால வலிப்பு அரிதாகவே காணப்பட்டது. 1980-இல் ஹோசே பெலிசான், ஹோசே வில்லார் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கால்சியத்தோடு தொடர்புபடுத்தினார்கள். மாயா மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அரைத்துத்தான் ரொட்டி சுடுவார்கள். மூன்று வேளையும் அந்த ரொட்டி. அதன் வழியாகத் தெரியாமலேயே நிறையக் கால்சியம் உடம்பில் சேர்ந்துகொண்டிருந்தது. (உடனே வெற்றிலைச் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். கர்ப்பிணிகள் அந்த வழியை நாட வேண்டாம். பாக்கும் புகையிலையும் கூடவே வரும், அவற்றின் தீங்கு பெரிது.)

உணவில் கால்சியம் குறைந்தால் அதைச் சமாளிக்க உடல் சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவற்றின் விளைவாக ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களுக்குள் கால்சியம் கூடி, தசை இறுகி, குழாய் குறுகுகிறது. வெளியில் இருந்து போதுமான கால்சியம் கிடைத்தால் இந்த இறுக்கம் தளர்கிறது. ஏற்கெனவே போதுமான கால்சியம் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையால் கூடுதல் பலன் கிடைக்காததும் இதனால்தான் என்று கருதப்படுகிறது. 1997-இல் அமெரிக்காவில் 4,500-க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தினமும் 2 கிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை.

கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பகுதிகளில் என்ன நடந்தது? இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 8,325 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. தினமும் 1.5 கிராம் கொடுத்தார்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வலிப்பும், ஆபத்தான அளவுக்கு அழுத்தம் ஏறுவதும் குறைந்தன. முன்பு நடந்த சிறிய ஆய்வுகள் காட்டிய அளவுக்குப் பலன் இதில் இல்லை என்பதை மறைக்கக் கூடாது. வைட்டமின் சி, ஈ விஷயத்தில் பார்த்தோமே, சிறிய ஆய்வில் பெரிதாகத் தெரிவது பெரிய ஆய்வில் சுருங்கும். கால்சியமும் சுருங்கியது, ஆனால் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தாயின் உயிரைப் பறிக்கும் நிலைமைகள் குறைந்தன என்பது சாதாரண விஷயம் அல்ல. உணவில் கால்சியம் குறைவாக உள்ள நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அவ்வளவு தேவையா என்ற கேள்விக்கும் ஒரு பதில் வந்திருக்கிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் 500 மில்லிகிராமையும் 1,500 மில்லிகிராமையும் ஒப்பிட்டார்கள். 2024-இல் வெளியான முடிவின்படி, ப்ரீ-எக்லாம்ப்சியாவைப் பொறுத்தவரை குறைந்த அளவு பின்தங்கவில்லை. பெங்களூரில் குறைந்த அளவு எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும், அதிக அளவு எடுத்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. மூன்று மாத்திரை விழுங்க முடியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பெண்ணுக்கு இது நல்ல செய்தி. இந்திய அரசின் வழிகாட்டுதல் இப்போது இரண்டு மாத்திரை என்கிறது: 14-ஆவது வாரத்தில் இருந்து பிரசவம் வரையும், பிறகு பாலூட்டும் ஆறு மாதமும், நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3-உம்.

அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். "கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்" என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு அளவு அதிகமாகிவிட்டது என்று சிலர் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள். கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம்தான். 1,250 மில்லிகிராம் கார்பனேட்டில் நமக்குக் கிடைப்பது 500 மில்லிகிராம் கால்சியம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. "கால்சியம் கார்பனேட் 500 மில்லிகிராம்" என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 200 மில்லிகிராம்தான். எழுத்து பொடியாக இருந்தால் மருந்துக்கடைக்காரரையோ செவிலியரையோ கேளுங்கள்.

கால்சியத்தைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ள வேண்டும்; கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பிடும்போது அது நன்றாகச் சுரக்கும். இரண்டு கால்சியம் மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் போடாமல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைச் சாப்பாட்டோடு கால்சியம், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு மறுபடி கால்சியம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்குவதும் வீண். சிறுநீரகக் கல் வந்தவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

உணவைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். 100 மில்லிலிட்டர் பாலில் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கேழ்வரகு 100 கிராமில் 340-க்கு மேல். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவையும் நல்லவை. அன்றாடம் சோறும் குழம்பும் ஒரு டம்ளர் டீயுமாகப் போகும் சாப்பாட்டில் இந்தத் தேவை நிறைவது கடினம். பால் குடித்தால் போதாதா என்ற கேள்விக்கு இதுவே பதில்: தினமும் முக்கால் லிட்டருக்கு மேல் குடிப்பவருக்குப் போதலாம்.

இரண்டாவது மாத்திரை: ஆஸ்பிரின்

ஆஸ்பிரினைச் சத்து மாத்திரை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு அரைகுறையாகிவிடும். வைட்டமினிடம் எதிர்பார்த்த வேலையைச் செய்தது இதுதான். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வாய்ப்பு அதிகம் என்று 11 முதல் 14 வாரத்துக்குள் கண்டறியப்பட்ட 1,776 பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ 36 வாரம் வரை கொடுத்தார்கள். குறைமாதத்திலேயே பிரசவம் பார்க்க வைக்கும் கடுமையான வகை, வெற்று மாத்திரைப் பிரிவில் 4.3 சதவீதம் பேருக்கும் ஆஸ்பிரின் பிரிவில் 1.6 சதவீதம் பேருக்கும் வந்தது.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதல்ல இது. முந்தைய கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் பரிந்துரைப்பார். முதல் கர்ப்பம், 35 வயதுக்கு மேல், அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருப்பது போன்றவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தாலும் யோசிப்பார். 16 வாரத்துக்கு முன் தொடங்குவது நல்லது. இதனால்தான் முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. "கண் பட்டுவிடும், மூன்று மாதம் கழியட்டும்" என்று வீட்டில் காத்திருந்தால் இந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது. மருத்துவர் சொல்லாமல் மருந்துக்கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

அழுத்தம் ஏறிவிட்டால்

இதுவரை சொன்னது தடுப்பதைப் பற்றி. ஏறிவிட்ட அழுத்தத்தை எந்த வைட்டமினும், கால்சியமும்கூட, இறக்காது. அதற்கு லேபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற மருந்துகள் உண்டு. கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருபவை. குழந்தையைப் பாதித்துவிடுமோ என்று பயந்து இவற்றை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரையை மட்டும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் குழந்தைக்கு உண்மையான ஆபத்து கட்டுப்படாத அழுத்தத்தில் இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரை எடுத்துவந்தவர்கள், கரு உறுதியான உடனே அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை கருவுக்கு ஏற்றவை அல்ல, மாற்றிக் கொடுப்பார்கள்.

வலிப்பைத் தடுக்க மருத்துவமனையில் ஊசியாகப் போடும் மெக்னீசியம் சல்பேட்டையும், கடையில் விற்கும் மெக்னீசியம் மாத்திரையையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ஊசி, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில் 2002-இல் உறுதியானது. மாத்திரைக்கு அந்த வேலை தெரியாது.

கால் வீங்கினால் 'உப்பு நீர்' என்று சொல்லிச் சோற்றில் உப்பே போடாமல் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதற்காக உப்பைக் குறைக்கத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று அளவுக்கு மீறி வேண்டாம். அதற்காக வாய்க்கு விளங்காத சோற்றைக் கொடுத்து, ஏற்கெனவே குமட்டலில் இருப்பவரைப் பட்டினி போடவும் வேண்டாம். கஷாயத்தில் சேர்க்கும் அதிமதுரம் மட்டும் கவனம். அது நேரடியாகவே ரத்த அழுத்தத்தை ஏற்றும். இருமலுக்கு நல்லது என்று தினமும் கொடுத்துவிடாதீர்கள். மீன் ஈரல் எண்ணெய் கேப்சூலில் வைட்டமின் ஏ மிகுதி. நாளுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கு ஊறு வரலாம். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல், வீட்டில் எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும், லேகியம், பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது நல்ல பழக்கம்.

விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, வலப்புற விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சுத்திணறல், குழந்தை அசைவு குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் அது அவசர நிலை. நடுராத்திரி ஆனாலும் 108-ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று பிரஷர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்திலும் அழுத்தம் ஏறலாம், வலிப்பும் வரலாம். ஆறு வாரம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த கர்ப்பம் உறுதியானதும் முதல் வேலையாக, "போன தடவை எனக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா இருந்தது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினை எப்போது தொடங்குவது, கால்சியத்தை எப்போது தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய அந்த ஒரு தகவல் மிகவும் உதவும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து கையோடு எடுத்துச் செல்லுங்கள்.